பதினெட்டு வயதோடு மருத்துவம் முடிந்துவிடாது

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு, மற்ற எல்லோருக்கும் கிடைக்கிற அதே தரத்தில் மருத்துவம் கிடைக்க வேண்டும். அதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களில் பெற்றோர் இருக்கிறோம், கூடப் பிறந்தவர்கள் இருக்கிறோம், சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சில மருத்துவர்களும் இருக்கிறோம். யாருக்காக இது தொடங்கப்படுகிறதோ அவர்களும் இருக்கிறார்கள். இந்த அறிக்கையைப் படம் போட்டு, எளிய பேச்சில் அவர்களுக்கு விளக்கிச் சொன்ன பிறகே கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியிருக்கிறோம்.

ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிற எங்கள் எல்லோர் காதிலும் விழுந்த வாக்கியம் ஒன்று உண்டு: “இவங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும்.”

முப்பத்தைந்து வயது மகன். பேச்சு வராது. திடீரென்று இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். தட்டைத் தள்ளிவிட்டான். குழையப் பிசைந்த தயிர்ச்சாதத்தை மட்டும் வலப்பக்கம் ஒதுக்கி விழுங்கினான். மருத்துவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார், “ரொம்ப அடிச்சுக்கிறானா?” என்று. தூக்க மாத்திரையின் அளவு கூடியது. அறைவது நின்றது, எழுந்து உட்காரவே தெம்பு இல்லாமல் போனதால். பல வாரம் கழித்து ஒரு பல் மருத்துவர்தான் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். கடைவாய்ப்பல் வேர்வரை சொத்தை, அடியில் சீழ். ஃபிட்ஸுக்காக ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட ஃபெனிட்டாயின் மாத்திரையால் ஈறு தடித்து வளர்ந்திருந்தது. அந்த மாத்திரை அப்படிச் செய்யும் என்பது எல்லா மருத்துவ மாணவர்களும் படிக்கிற பாடம். அவன் வாயில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வலியைச் சொல்ல வார்த்தை இல்லாதவர் உடம்பால்தான் சொல்வார். தலையை முட்டிக்கொள்வது காதுவலியாக இருக்கலாம். இரவெல்லாம் கத்துவது நெஞ்செரிச்சலாக, நாள்பட்ட மலச்சிக்கலாக, மாதவிடாய் வலியாக இருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் ‘நடத்தைப் பிரச்சினை’ என்று எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே அறிவுசார் குறைபாடு மனநோய் அல்ல என்று தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது. மனநோய்க்கான மருந்து சிலருக்குத் தேவைப்படும். அதை நாங்கள் மறுக்கவில்லை. காரணம் தேடாமல் தொடங்கி, ஏன் என்று கேட்க ஆளில்லாமல் பத்து வருடம் தொடர்வதைத்தான் எதிர்க்கிறோம். உடம்பு பெருத்து, சர்க்கரை வந்து நிற்பது அதன் பிறகுதான்.

பதினெட்டு வயதுவரை ஏதோ ஒரு வழி இருக்கிறது. பிறந்ததிலிருந்து பதினெட்டு வரை பரிசோதிக்க, 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பிள்ளையைச் சிறுவயதிலிருந்து அறிந்த குழந்தை மருத்துவர் இருப்பார். பதினெட்டு முடிந்த மறுநாள் “பெரியவங்க ஓ.பி.க்குப் போங்க” என்கிறார்கள். அங்கே இவர்களைப் பார்த்துப் பழகியவர் யாரும் இல்லை.

ஆனால் இவர்கள் இப்போது நெடுங்காலம் வாழ்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1980-களில் இருபத்தைந்தை ஒட்டியிருந்தது. இன்று அறுபதை ஒட்டியிருக்கிறது. அவர்களுக்கு முதுமை சீக்கிரம் வருகிறது. தைராய்டு சுரப்பு குறையும், கண்ணில் புரை விழும், காது மந்தமாகும், தூக்கத்தில் மூச்சு தடைபடும். நாற்பதுகளிலேயே அல்சைமர் தொடங்கலாம். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தடுமாறினால், அது அல்சைமராகவும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, தினம் ஒரு மாத்திரையில் சரியாகிவிடும் தைராய்டுக் குறையாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்!

இங்கிலாந்தில் மென்கேப் என்ற அமைப்பு, மருத்துவமனைகளின் அலட்சியத்தால் நேர்ந்த, அறிவுசார் குறைபாடுள்ள ஆறு பேரின் மரணங்களை 2007-ல் நாட்டின் முன் வைத்தது. இத்தகைய இறப்புகள் குறித்து அங்கே 2013-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை, அறிவுசார் குறைபாடுள்ள ஆண்கள் மற்ற ஆண்களைவிட 13 ஆண்டுகளும், பெண்கள் மற்ற பெண்களைவிட 20 ஆண்டுகளும் முன்னதாக இறப்பதைக் காட்டியது. இன்று அங்கே அவர்களுக்குப் பதினான்கு வயதிலிருந்து ஆண்டுக்கொரு முழுப் பரிசோதனை உண்டு. இறப்புகளைத் தனியே ஆராய்கிறார்கள்.

இங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 25: அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் தடையற்ற வசதி வேண்டும், சிகிச்சையில் முன்னுரிமை வேண்டும். நடைமுறையில், நூறு பேர் நிற்கிற வரிசையில், இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் மகளோடு அம்மா நிற்கிறார். அடையாள அட்டையைக் காட்டினால் “எல்லாரும்தான் நிக்கிறாங்க” என்கிறார்கள். மகனை ஆண்கள் வார்டில் சேர்த்தால் இரவில் பெண்கள் துணைக்கு இருக்கக் கூடாது என்று வெளியே அனுப்புகிறார்கள். அவன் எதற்கு முனகுகிறான் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மா. அவரை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, சொட்டுமருந்துக் குழாயைப் பிடுங்குகிறான் என்று கையைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். இந்த வழக்கம் ஒழிய வேண்டும். தெரிந்த முகம் இரவும் பகலும் பக்கத்தில் இருப்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

பெண்களின் உடம்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுவோம். 1994-ல் மகாராஷ்டிரத்தில், அரசு இல்லம் ஒன்றில் இருந்த பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தம் பேண முடியவில்லை என்ற காரணம் காட்டிக் கருப்பையை அகற்றினார்கள். 2009-ல் சண்டிகரிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் விருப்பத்தை மீறிக் கருவைக் கலைக்க முடியாது என்றது. 2016 சட்டத்தின் 10-வது பிரிவு, மனமொப்பிய சம்மதம் இல்லாமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையையும் தடுக்கிறது. பெற்றோராகிய எங்களில் சிலரே பயத்தில் அந்த அறுவைச் சிகிச்சையைக் கேட்டு நின்றவர்கள். இனி கேட்க மாட்டோம் என்று இங்கே கையெழுத்திடுகிறோம். நாங்கள் கேட்பது வேறு: மற்றப் பெண்களுக்குச் செய்கிற மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை இவர்களுக்கும், பயம் போகும்வரை பொறுமையாக, செய்யுங்கள்.

2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஏற்கெனவே எங்கள் வாசலுக்கு வருகிறது. தன்னார்வலர் அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார், அம்மாவின் சர்க்கரையைப் பார்க்கிறார், மூலையில் உட்கார்ந்திருக்கும் நாற்பது வயது மகனைப் பார்க்காமல் போகிறார். அவனையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில், கூட்டமில்லாத நேரத்தில், பல்லிலிருந்து பாதம்வரை முழுப் பரிசோதனை வேண்டும். மயக்கம் கொடுத்துப் பல் வைத்தியம் பார்க்கும் வசதி மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை தருகிறது. அந்தத் தொகை உயர வேண்டும், அது இருப்பதே தெரியாத குடும்பங்களுக்கு நாங்கள் விண்ணப்பம் எழுதித் தருவோம். பயிற்சி மருத்துவர்கள் எங்கள் பிள்ளைகளோடு சில நாளாவது பழக வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கப்போவதில்லை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டோம்: வலித்தால் என்ன செய்வார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார், ஊசி போடும்போது யார் கையைப் பிடிக்க வேண்டும், என்னென்ன மாத்திரை, எப்போதிலிருந்து. எங்களுக்குப் பின்னாலும் அவருக்காகப் பேச அந்தத் தாள் இருக்கும்.

உறுப்பினர்களின் படத்தைக் காட்டி நன்கொடை கேட்க மாட்டோம். மருந்து நிறுவனங்களிடம் பணம் வாங்க மாட்டோம். செயற்குழுவில் பாதி இடம் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கே. அவர்களுக்குப் புரிகிற வேகத்தில்தான் கூட்டம் நடக்கும். புரியவில்லை என்று ஒருவர் கையைத் தூக்கினால், அந்தத் தீர்மானத்தை மறுபடி விளக்கும்வரை ஓட்டெடுப்பு கிடையாது.