ஒரே நூல், பல திரைகள்

சுருவிலிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்கச் செல்லும் மாணவன் ஒரு செய்யுள் நூலைக் கைப்பேசியில் திறக்கிறான். அவனுடைய ஆசிரியர் அதனை மடிகணினியில் காண்கிறார். கடல் கடந்து வாழும் உறவினர் கிண்டிலில் படிக்கிறார். மூவர் கண்ணுக்கும் படுவது ஒரே நூல்தானா? ஆசிரியர் திரையில் நேராக நிற்கும் அடி, மாணவன் திரையில் இடையே முறிந்து உரைநடைபோலத் தோன்றுமாயின், அதுவும் பதிப்புப் பிழையே அன்றோ?

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து இணையத்தில் காத்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரியக் கண்ட நமக்கு அப்பணியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பக்கத்தின் படம் காப்பதற்கு உகந்ததே யன்றிச் சிறு திரையில் படிப்பதற்கு உகந்ததன்று. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துப் படிப்பவன் எத்தனை பக்கம் படிப்பான்?

இக்குறையை நீக்க வந்தது, 2007இல் பொதுத் தரமாக ஏற்கப்பெற்ற ஈ-பப் வடிவம். இதில் சொற்கள் வேறு, தோற்ற விதிகள் வேறு. திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமே அமையும்; எழுத்தின் பருமனை வாசகரே தெரிந்துகொள்வார். இங்கேதான் நம் பதிப்பாளர் பலர் இடறுகின்றனர். அச்சுத்தாளில் பழகிய கை, எழுத்தின் அளவையும் ஓரத்தின் அகலத்தையும் மாறா எண்களால் கட்டிவைக்கிறது. கட்டியவர் கணினியில் அழகாய்த் தோன்றுவது பிறர் கருவியில் அலங்கோலமாகிறது. எழுத்தின் பருமனை ஒட்டியே மற்ற அளவுகளையும் குறித்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

தமிழுக்கெனத் தனி இடர்களும் உண்டு. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே தோன்றினும், ஒருங்குறியில் அது ககரத்துக்குப் பின்னரே பதியப்படுகிறது. இடம் மாற்றிக் காட்டுவது கருவியின் கடமை. அஃதறியாத பழைய கருவியில் கொம்பு பின்னே தொங்கும். கிண்டிலில் தமிழ் நூல் விற்பனையே 2016 டிசம்பரில்தான் தொடங்கிற்று. இன்னொன்று: நம் புணர்ச்சிச் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் இருபுறமும் ஓரத்தை நேராக்க முயன்றால், சொற்களுக்கிடையே பல் விழுந்த வாய்போல வெளி தோன்றும். வலது ஓரத்தை அதன் போக்கில் விடுவதே தக்கது. செய்யுளுக்கோ, அடி மடங்க நேரின் மடங்கிய பகுதி உள்தள்ளி நிற்குமாறு விதி செய்தல் வேண்டும். யாப்பறிந்தவன் அடியின் எல்லையை அப்போது தவறவிடான்.

2013இல் தோன்றிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்னும் தன்னார்வ முயற்சி, நூல்களை ஈ-பப், மோபி, பெரிய தாளளவுப் பிடிஎஃப், ஆறங்குலப் பிடிஎஃப் எனப் பல வடிவில் வழங்கிற்று. அவற்றுள் மோபியை அமேசான் நிறுவனமே பின்னர் கைவிடத் தொடங்கிற்று. 2022 முதல் வாசகர் தம் கிண்டிலுக்கு ஈ-பப் கோப்பை அனுப்பவும் இடமளித்தது. வடிவங்கள் இவ்வாறு வந்துபோகும். ஆதலின் எவ்வடிவத்துக்கும் மாற்றத்தக்க தூய மூலபாடத்தைப் பதிப்பாளர் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும்.

பள்ளி மலர்களை மின்னூலாக்கும் ஆசிரியர்க்கு ஒன்று: வெளியிடுமுன் வகுப்பிலுள்ள மிக மலிவான கைப்பேசியை வாங்கி, அதில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.