தண்டத்தைக் கட்டுங்கோ மாமா

"நீ ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைதானே, உனக்கு நல்லா எழுத வரும். ஒரு கடிதம் எழுதித் தா."

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்திருந்த மாமா தன்னுடைய ஃபோனை நீட்டி இப்படித்தான் கேட்டார். திரையில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு ரிக்கெட்டின் படம். போன செப்டெம்பரில் மாமா, மாமி, பிள்ளைகள் எல்லாரும் பீசா விமான நிலையத்தில் இறங்கி, அங்கேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றியிருக்கிறார்கள். ஒரு பழைய நகரத்துக்குள் ஹோட்டலைத் தேடி நுழைந்து, பாதை பிழைத்து வெளியே வந்து, திரும்பவும் நுழைந்திருக்கிறார்கள். பதினொரு நிமிட இடைவெளியில் கமரா இரண்டு படம் எடுத்திருக்கிறது. ஆகவே இரண்டு தண்டம். ஒவ்வொன்றும் 80 யூரோவுக்கு மேல்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். சின்னவனுக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அவசரத்தில் போர்டைக் காணவில்லை என்று எழுத வேண்டுமாம். சின்னவனுக்கு அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை. ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு நிற்கிற படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே இருக்கிறது.

நான் எழுதமாட்டேன் என்று சொன்னேன். வீட்டில் மூன்று நாள் சரியான கதை இல்லை. குழுவில் மட்டும் கதை நிற்கவே இல்லை. "லண்டனுக்கு வந்து பிடிக்கப் போறாங்களோ, விடுங்கோ அண்ணை" என்று ஒரு சித்தப்பா. "வெளிநாட்டுக்காரரிட்ட காசு பறிக்கத்தானே கமரா வச்சிருக்கிறாங்கள்" என்று கனடாவிலிருந்து ஒருவர். "கட்டுகிறவன்தான் மடையன்" என்று இன்னொருவர். சரி, எனக்கு எழுத வரும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டபடியால், அந்தக் கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிழை என்ன பிழை என்று பார்ப்போம். இத்தாலியில் பல நகரங்களின் பழைய மையப்பகுதி 'ஸோனா த்ராஃபிக்கோ லிமிதாத்தோ', சுருக்கமாக இசட்.ரி.எல். வாகனங்களுக்கு வரையறுக்கப்பட்ட பகுதி என்று அர்த்தம். அங்கே குடியிருப்பவர்களும் அனுமதி பெற்றவர்களும்தான் குறித்த நேரங்களில் வாகனத்தோடு உள்ளே போகலாம். நுழைவாயில்களில் கமரா இருக்கும், அது இலக்கத் தகட்டை வாசிக்கும். பொலிஸ்காரர் யாரும் மறிக்கமாட்டார், விசில் சத்தமும் கேட்காது. புளோரன்ஸை எடுத்துக்கொண்டால், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 இலிருந்து இரவு 8 மணி வரை இந்தத் தடை இருக்கிறது. அந்த நகரத்தின் பழைய பகுதி 1982 இலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பது. கார் என்ற ஒன்றை யாரும் கற்பனைகூடச் செய்யாத நூற்றாண்டுகளில் போட்ட ஒழுங்கைகள் அவை. அதற்குள் வருகிற எல்லா வாடகைக் காரையும் விட்டால் அந்த ஒழுங்கைகளில் வீடு இருக்கிற சனம் எப்படி நடக்கிறது?

மாமாவின் வாதம்: "போர்ட் இத்தாலி மொழியில இருந்தது, எனக்கு எப்படி விளங்கும்?"

இதில் பாதி நியாயம் இருக்கிறது. பல நகரங்களில் கமரா வேலை செய்கிற நேரத்தில் 'வார்க்கோ அத்தீவோ' என்று மின்பலகையில் எழுத்து வரும். 'வாசல் செயற்பாட்டில் இருக்கிறது' என்பது சொல்லுக்குச் சொல் அர்த்தம். புதிதாக வருகிற ஆள் 'வாசல் திறந்திருக்கிறது' என்று நினைத்து உள்ளே விடுவார். உண்மையில் கமரா விழித்திருக்கிறது, உள்ளே வராதே என்பதுதான் செய்தி. இது மோசமான பலகை. அதை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம், நானும் கூட வருகிறேன்.

ஆனால் மற்றப் பாதி? வாசலில் நிற்கிற அடையாளம் வெள்ளை வட்டம், சுற்றிவரச் சிவப்பு விளிம்பு. வாகனங்கள் போகக்கூடாது என்பதற்கு அதே வட்டத்தைத்தான் பிரித்தானியாவிலும் வைக்கிறார்கள். மாமா இருபது வருடமாக அங்கே கார் ஓடுகிறார். 2003 இலிருந்து லண்டன் மத்திக்குள் காரோடு போனால் நெரிசல் கட்டணம் கட்ட வேண்டும், அதையும் கமராதான் பார்க்கிறது. மாமா அதை ஒரு நாளும் மறந்ததில்லை. லண்டனில் கமராவுக்குப் பயந்த மனுசன் இத்தாலியில் ஏன் பயப்படவில்லை? விடுமுறையில் போகிற இடத்தை யாரோ வாழ்கிற இடமாக நாங்கள் பார்ப்பதில்லை. அது எங்களுக்கு ஒரு பின்னணிப் படம்.

இன்னொன்று. ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், கார் இலக்கத்தை ஹோட்டலே பதிந்து அனுமதி எடுத்துத் தருகிற வழி பல நகரங்களில் உண்டு. ஒரு மின்னஞ்சல் போதும். கேட்கவில்லை. கூகுள் மப் சொன்னதாம், இவர் போனாராம்.

"வெளிநாட்டுக்காரரிடம் பறிக்கிற காசு" என்ற கதையும் நிற்காது. அந்தக் கமராவுக்குப் பாஸ்போர்ட் தெரியாது. பக்கத்து ஊரிலிருந்து அனுமதியில்லாமல் வருகிற இத்தாலியருக்கும் அதே தண்டம்தான். ஐந்து நாளுக்குள் கட்டினால் முப்பது வீதம் கழிவு. அறுபது நாளுக்குள் கட்டாவிட்டால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிழையாகப் போட்டிருந்தால் அதே அறுபது நாளுக்குள் அந்த மாவட்டத்து அரச பிரதிநிதியிடம் முறையிடலாம். முறையீடு தோற்றால் ஆகக்குறைந்த தொகையின் இரண்டு மடங்காவது கட்ட வேண்டும். ஆக, என்னைப் பொய்க் காய்ச்சல் எழுதச் சொன்ன மாமா, தன்னுடைய தண்டத்தைத் தானே இரட்டிப்பாக்கப் பார்த்திருக்கிறார்.

இனி மாமாவின் பக்கம் நிற்கிறேன். ஏனென்றால் அவரிடம் உண்மையாகவே காசு பறித்த ஒரு ஆள் இருக்கிறது. அது அந்த நகரம் இல்லை.

லண்டனுக்குத் திரும்பி இரண்டு மாதத்தில், நவம்பரில், மாமாவின் கடனட்டையிலிருந்து வாடகைக் கார் நிறுவனம் இரண்டு தடவை 45 யூரோ எடுத்திருக்கிறது. மாமா அதைத்தான் தண்டம் என்று நினைத்தார். "சரி, 90 யூரோ, போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிட்டார். அடுத்த ஜூலையில் உண்மையான ரிக்கெட் வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் விளங்கியது, முதலில் போனது தண்டமே இல்லை. அது 'நிர்வாகக் கட்டணம்'. ரிக்கெட் முதலில் கார்ச் சொந்தக்காரரான நிறுவனத்துக்கு வருகிறது. நிறுவனம், "எங்கள் காரை அன்றைக்கு வைத்திருந்தவர் இன்னார், இன்ன விலாசம்" என்று பதில் அனுப்புகிறது. அந்த ஒரு வரிக்குத்தான் 45 யூரோ. ஒரே ஆள், ஒரே கார், பதினொரு நிமிட இடைவெளி, ஒரே விலாசம். இருந்தும் இரண்டு தடவை.

இந்த இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு தொகை வரையறை இருக்கிறது, முறையிட ஒரு இடம் இருக்கிறது. நகரங்கள் அறவிடுகிற இந்தத் தண்டத்தில் பாதியையாவது வீதிக் குறியீடுகள், கண்காணிப்பு, வீதிப் பாதுகாப்பு போன்றவற்றுக்குச் செலவழிக்க வேண்டும் என்று இத்தாலிய வீதிச் சட்டமே சொல்கிறது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று நகரத்துக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறது. நிறுவனத்தின் கட்டணத்துக்கு என்ன இருக்கிறது? விமான நிலையக் கவுண்டரில், பிள்ளைகள் பசியில் அழுகிற நேரத்தில், கையெழுத்து வைத்த பத்திரத்தில் ஒரு குட்டி எழுத்து வரி. மாமாவின் பத்திரத்தை நான் முழுக்க வாசித்தேன். முறையீட்டில் வென்று தண்டம் ரத்தானாலும் இந்தக் காசு திரும்பி வரும் என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவராவது இந்த 90 யூரோவைப் பற்றி வாய் திறந்தாரா? இல்லை. எல்லாருடைய வீரமும் நகரத்தோடுதான். கடனட்டையிலிருந்து சத்தமில்லாமல் போன காசு 'சிஸ்டம்', தபாலில் மரியாதையாக வந்து கேட்கிற காசு 'கொள்ளை'. தப்ப முடிந்த இடத்தில் கோபப்படுகிறோம், தப்ப முடியாத இடத்தில் பழகிப்போகிறோம்.

சண்டை பிடிக்க வேண்டியது இங்கேதான். ரிக்கெட்டின் பிரதியைத் தா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். அதில் உள்ள நாளும் நேரமும் கார் உங்கள் கையில் இருந்த நேரம்தானா என்று பாருங்கள். எடுத்த தொகை கையெழுத்து வைத்த பத்திரத்தில் அதே இலக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடனட்டை தந்த வங்கியிடம் முறையிடுங்கள். இருந்தாலும், ஒரே விலாசத்தை இரண்டு தடவை விற்றதற்கு என்ன நியாயம் என்று கேளுங்கள். வெல்லாமல் போகலாம். ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் எழுதித் தருவேன். அதில் பொய் எழுதத் தேவையில்லை.

இனி அந்தப் பெரிய கேள்வி: "கட்டாவிட்டால் என்ன செய்வாங்கள்?" ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே 70 யூரோவுக்குக் குறையாத தண்டத்தை ஒரு நாட்டுக்காக இன்னொரு நாடு அறவிட ஏற்பாடு இருக்கிறது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டே போய்விட்டது. ஆகவே மாமாவைத் தேடி யாரும் வராமல் விடலாம். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் 'பிடிக்கமாட்டான்' என்பதும் 'கடன் இல்லை' என்பதும் ஒன்றா? லண்டனில் நெரிசல் கட்டணத்தைக் கட்டாத தூதரகங்களின் பட்டியலை அந்த நகரப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிடுகிறது. அமெரிக்கத் தூதரகத்தின் நிலுவை மட்டும் ஒரு கோடி பவுணைத் தாண்டியது. இது வரி, எங்களுக்குப் பொருந்தாது என்பது அவர்களுடைய பதில். அந்தச் செய்தியைக் குழுவில் போட்டு "பெரிய நாட்டுக்காரன்ர திமிரைப் பாருங்கோ" என்று எழுதியது வேறு யாருமில்லை, மாமாதான்.

கடைசியாக ஒரு சம்பவம். இதைச் சொல்லாவிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று விளங்காது.

அந்தக் கிழமையே மாமாவை ஏற்றிக்கொண்டு ஒரு வாடகை வானில் வவுனியாப் பக்கம் போனோம். சாரதியோடு எடுத்த வான். பூசைக்குப் பிந்துகிறது, "கெதியா விடும் தம்பி, அந்த லொறிய எடும்" என்று மாமா பின்னாலிருந்து அரித்துக்கொண்டே வந்தார். சாரதி அண்ணா வெள்ளைக் கோட்டைத் தாண்டி லொறியை முந்தினார். அங்காலே பொலிஸ் நின்றது. சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப்பத்திரம் எழுதினார்கள். "ஏதாவது குடுத்து முடியும்" என்று மாமா பேர்ஸைத் திறந்தார். "வேண்டாம் ஐயா, எழுதட்டும்" என்று அவர் சொன்னார். பதினான்கு நாளுக்குள் தபாற்கந்தோரில் காசு கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டு திரும்ப அவ்வளவு தூரம் போய் அனுமதிப்பத்திரத்தை எடுக்க வேண்டும். ஒரு நாள் உழைப்பு போச்சு. இறங்கும்போது மாமா பேசிய வாடகையைக் கொடுத்தார். தண்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கேட்டதற்கு, "ஓடினது அவர்தானே பிள்ளை" என்றார்.

ஓம் மாமா. இங்கே ஓடினது அவர். இத்தாலியில் ஓடினது யார்?

வருகிற ஆள் விடுமுறை முடிந்து பிளேன் ஏறிப் போய்விடுவார், பத்திரம் ஊர்க்காரர் கையில் நிற்கும். இதை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? எங்கள் வீதியில் வெளிநாட்டுக்காரர் செய்துவிட்டுப் போவதைப் பற்றி வாய் கிழியக் கதைக்கிற நாங்கள், இன்னொருவருடைய வீதிக்குப் போனதும் அதே வெளிநாட்டுக்காரர் ஆகிவிடுகிறோம்.

ஐந்து நாள் கழிவு குழுவில் கதைத்துக் கதைத்தே போய்விட்டது. அறுபது நாளில் இன்னும் 19 நாள் இருக்கிறது. கட்டுகிற விபரம் அந்தப் பத்திரத்திலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது, வாசித்துச் சொல்ல நான் இருக்கிறேன். சாரதி அண்ணாவின் நம்பரும் என்னிடம் இருக்கிறது மாமா.