பாடத்தில் வரட்டும் அந்த அரை டிக்கெட் கதை!

10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். இது அன்றைய ஜெர்மனி ரெயில்வேயின் கணக்கு.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். 2-ம் உலகப்போரில் யூதர்களைக் கொலைக்களத்துக்கு ஏற்றிச் சென்ற ரெயில்களுக்கும் இதே கணக்குத்தான்!

அடைத்தது சரக்குப் பெட்டியில். வசூலித்ததோ 3-ம் வகுப்புக் கட்டணம். 400 பேருக்கு மேல் போனால் சலுகை வேறு! யூதர்களுக்குப் போக மட்டும் டிக்கெட். காவலுக்குப் போனவர்களுக்குத்தான் திரும்பி வரவும் டிக்கெட்.

1945-ல் போர் முடிவதற்குள் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் பிள்ளைகள் மட்டும் சுமார் 15 லட்சம்.

இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டுமா? "எங்கேயோ நடந்த பழைய சங்கதி. பிஞ்சு மனசுல ஏன் ரத்தத்தைப் பூசணும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விபோலத்தான் தெரியும். ஆனால் அந்த வெறுப்பை ஊட்டி வளர்த்ததே பள்ளிக்கூடம்தான்!

வகுப்பறையில் விஷம்

1933 ஏப்ரல் 1. யூதர்களின் கடை வாசலில் நாஜிகள் வந்து நின்றார்கள். "இங்கே வாங்காதே" என்று அட்டை பிடித்தார்கள். ஒரே வாரத்தில், அரசாங்க உத்தியோகத்தில் இருந்த யூதர்களை வீட்டுக்கு அனுப்பச் சட்டம் வந்தது. அதே மாதம், பள்ளிகளில் யூதப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள்.

1935-ல் குடியுரிமை போனது. 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. ஆயிரக்கணக்கான கடைகள் நொறுங்கின. சில நாட்களில், மிச்சம் இருந்த யூதப் பிள்ளைகளையும் அரசாங்கப் பள்ளிகளில் இருந்து விரட்டினார்கள்.

மற்ற பிள்ளைகளுக்கு என்ன பாடம்? "விஷக்காளான்" என்று ஒரு படப் புத்தகம். காளானில் நல்லதும் விஷமும் இருப்பதுபோல மனிதரிலும் உண்டு, யூதர்தான் அந்த விஷம் என்று தாய் மகனுக்குச் சொல்கிறாள்!

அதை வெளியிட்டவர் ஜூலியஸ் ஸ்டிரைக்கர். 1946-ல் தூக்கிலிடப்பட்டார். எழுத்தாலும் பேச்சாலும் கொலைவெறியைத் தூண்டியதுதான் அவர் செய்த குற்றம்.

படித்தவர்கள் செய்த வேலை

"நாலு எழுத்து படிச்சா புத்தி வந்துடும்" என்பார்கள். வந்ததா?

1942 ஜனவரி 20. பெர்லினில் வான்சி ஏரிக்கரை மாளிகை. 15 பேர் கூடினார்கள். ஐரோப்பாவின் யூதர்கள் அத்தனை பேரையும் ஒழிக்க எந்த இலாகா என்ன செய்வது என்று பேசினார்கள். அவர்களில் பாதிப்பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்! மார்க்குக்குக் குறைச்சல் இல்லை. மனுஷத்தனம்தான் இல்லை.

அதோடு முடிந்ததா? 1994-ல் ருவாண்டா நாட்டில், டுட்சி மக்களைக் "கரப்பான்பூச்சி" என்று ரேடியோவில் திட்டினார்கள். அடையாள அட்டையில் இனம் எழுதி இருந்தது. சாலையில் மறித்து, அதைப் பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். 100 நாளில் சுமார் 8 லட்சம் பேர் பலி!

முதலில் பட்டப்பெயர். பிறகு கடை மறிப்பு. பிறகு சட்டம். கடைசியில்தான் கொலை. இந்தப் படிகளைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். முதல் படியிலேயே "நிறுத்து" என்று சொல்லப் பழக்க வேண்டும்.

கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று பழிபோட்டு, 600 ஆண்டுகளுக்கு முன்பே யூதர்களை எரித்தார்கள். உலகத்தையே வளைத்துப்போட யூதர்கள் சதி செய்வதாக ஒரு புத்தகம் கிளம்பியது. அது மோசடி என்று 1921-லேயே அம்பலம் ஆகிவிட்டது. இன்றும் அதே புளுகு செல்போனில் சுற்றுகிறது! ஒரு அரசாங்கம் செய்வதைக் கண்டிப்பது வேறு. ஒரு இனத்தையே பழிப்பது வேறு. இந்த வித்தியாசத்தையும் பள்ளிக்கூடம்தான் சொல்லித்தர வேண்டும்.

கண்டிப்பான வாத்தியாருக்கு "ஹிட்லர்" என்று பெயர் வைத்துச் சிரிக்கும் பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டு. விவரம் தெரியாமல் வந்த சிரிப்பு அது. தெரிந்தால் சிரிப்பு வராது.

எப்படிச் சொல்வது?

சின்னப் பிள்ளைகளுக்குப் பிணக்குவியல் படம் வேண்டாம். ஒளிந்திருந்து டைரி எழுதிய ஆன் பிராங்க் கதை போதும். 1945-ல் முகாமில் இறந்தபோது அவளுக்கு 15 வயதுதான். பெரிய வகுப்பில் சட்டங்களையும் ரெயில் கணக்கையும் காட்டலாம்.

காப்பாற்றியவர்களையும் சொல்ல வேண்டும். 1943-ல் டென்மார்க்கில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குத் தப்பினார்கள். அக்கம்பக்கத்தவர் மறைத்து வைத்தார்கள். மீனவர்கள் கடலைத் தாண்டவைத்தார்கள். மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்படி 2005-ல் ஐ.நா. சபையே உறுப்பு நாடுகளைக் கேட்டது. ஜனவரி 27-ஐ நினைவு நாளாகவும் அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு நாள் மவுனம் நிற்பது மட்டும் போதாது. பரீட்சைக்கு 2 மார்க் கேள்வியாகவும் அது முடிந்துவிடக் கூடாது. வகுப்பில் பேச வேண்டும், பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிட வேண்டும்.

அதற்கு வாத்தியார்களுக்கு முதலில் பயிற்சி தேவை. கல்வி இலாகாக்கள் கவனிக்குமா?