ஏற்றும் சுமைக்கும் கணக்கு உண்டு

கம்பம் பள்ளத்தாக்கின் விளைச்சலில் பெரும்பகுதி இன்று பிக்கப் வண்டிகளின் முதுகிலேறித்தான் சந்தையை அடைகிறது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை, சின்னமனூர் வட்டாரத்து வாழைத்தார், தேங்காய், மலையிலிருந்து போடிக்கு இறங்கும் ஏலக்காய் என்று அவை சுமக்காத பொருளில்லை. அன்று மாட்டு வண்டிகள் செய்த ஊழியத்தை, 2005-இல் அறிமுகமாகி ‘குட்டி யானை’ என்று செல்லப்பெயர் பெற்ற சிறு வண்டியும், அதனினும் பெரிய பிக்கப் வண்டிகளும் இன்று செய்து வருகின்றன. நம் சமுதாயத்து இளைஞர் பலருக்கு இவ்வண்டியே வாழ்வாதாரம். தோட்டக்காரர்களும் கமிஷன் கடைக்காரர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே, சுமையேற்றுவது பற்றி மார்க்க நோக்கில் சிறிது சிந்திப்பது பொருத்தமாகும்.

பெரும் சிரமமின்றி நாம் சென்றடைய முடியாத ஊர்களுக்கு நம் சுமைகளைச் சுமந்து செல்லும் கால்நடைகளைத் தனது அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் எடுத்துரைக்கின்றான். அருட்கொடை என்றால் அதற்கு விசாரணையும் உண்டு. இதனை உணர்ந்தவர் நபித்தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்கள். தம் மரணத் தறுவாயில் தமது ஒட்டகத்தை நோக்கி, மறுமையில் தம்மீது வழக்குரைக்க வேண்டாமென்றும், அதன் சக்திக்கு மீறித் தாம் ஒருபோதும் சுமை ஏற்றியதில்லை என்றும் அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுகிறது.

‘ஒட்டகத்துக்கு உயிருண்டு, வலியுண்டு. இரும்பு வண்டிக்கு என்ன வலி?’ என்று சிலர் வினவலாம். ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) மறைந்த சட்ட மேதை இமாம் மாவர்தி (ரஹ்) அவர்களின் நூலில் இதற்கு விடை கிடைக்கிறது. சந்தையையும் பொது வழிகளையும் கண்காணிக்கும் ‘முஹ்தஸிப்’ எனும் அதிகாரியின் கடமைகளுள், மூழ்கிவிடும் என்று அஞ்சத்தக்க அளவுக்குப் படகில் பாரம் ஏற்றுவதைத் தடுப்பதையும், கடுங்காற்றில் படகு செலுத்துவதைத் தடுப்பதையும் அவர்கள் சேர்த்துள்ளார்கள். படகு மரத்தாலானது, அதற்கும் வலியில்லை. ஆயினும் அதிலிருப்போரின் உயிர் பெரிதல்லவா? குமுளி மலைப்பாதையிலும் போடிமெட்டுச் சாலையிலும் ஓடும் வண்டிக்கும் இந்நீதியே பொருந்தும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதை வண்டியின் ஆர்.சி. புத்தகமே கூறும். மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்து, ஓட்டுநர் முதலானோரின் எடையையும் நீக்கினால், எஞ்சுவதே சரக்கின் அளவு. வண்டிக்கு ஏற்ப இது மாறுபடும். கண்ணளவு இங்கே ஏமாற்றிவிடும். 50 கிலோ உர மூட்டைகள் 20 ஏறினாலே ஒரு டன். முப்பது கிலோ எடையுள்ள வாழைத்தார் ஐம்பதை அடுக்கினால் ஒன்றரை டன். கோடையில் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லும் ஆயிரம் லிட்டர் தண்ணீரும் ஒரு டன்னே. தொட்டி அரைகுறையாக நிரம்பியிருந்தால், திருப்பங்களில் தண்ணீர் ஒருபுறம் மோதி வண்டியையே சாய்க்கக்கூடும். மழையில் நனைந்த எருவும் எடை கூடிவிடும். கூடுதல் பட்டை போட்டு வண்டியின் முதுகை நிமிர்த்திவிட்டதால் அதன் திறன் உயர்ந்துவிட்டதாக எண்ணுவது தவறு. அச்சு, பிரேக், டயர் ஆகியன முன்பிருந்த அளவிலேயே இருக்கின்றன.

அளவோடு, அடுக்கும் முறையும் முக்கியமானது. கனமான பொருள் அடியிலும், ஓட்டுநர் அறையை ஒட்டியும், இருபுறமும் சமமாகவும் அமைய வேண்டும். பாரம் பின்சக்கரங்களுக்கும் அப்பால் மிகுந்தால் முன்சக்கரங்களின் பிடிமானம் குறைந்து, ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொற்படி கேளா. உயரமாக அடுக்கிய வண்டி வளைவில் எளிதில் கவிழும். கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். ஓட்டத்தின் அதிர்வில் தாரும் மூட்டையும் அமுங்கிக் கயிறு தளர்ந்துவிடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். கட்டாமல் வைப்பது தவக்குல் அன்று, அலட்சியமே.

மலை இறங்குகையில், ஏறிவந்த அதே குறைந்த கியரிலேயே இறங்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்தி வண்டியை உருட்டிவிடுவது உயிரோடு விளையாடுவதாகும். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணைவிசை கிடைக்கும். தொடர்ந்து மிதிபட்ட பிரேக்கோ சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். டயரின் காற்றும் தேய்மானமும் புறப்படுமுன் பார்க்கப்பட வேண்டும்.

சரக்கின்மேல் கூலியாட்களை அமர்த்தி அனுப்புவதும், நிகாஹ் விருந்துக்கு உறவினரை அதே வண்டியில் ஏற்றிச் செல்வதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்காகக் காப்பீட்டு நிறுவனம் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்துள்ளது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சரக்கின் உரிமையாளரையும் அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியையும் மட்டுமே அக்காப்பீட்டினுள் சேர்த்தது. விபத்து நேர்ந்தால், ஆதரவை இழந்த குடும்பம் இழப்பீட்டுக்காகவும் அலைய நேரிடும். அதிக பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ரூ.20,000 அபராதமும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் உண்டு, மிகுதியை இறக்கிய பின்னரே வண்டி நகர முடியும்.

இவ்விஷயத்தில் ஓட்டுநரை மட்டும் குறைகூறுவது நீதியன்று. இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் ஏற்றச் சொல்பவர் யார்? மறுத்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக மிரட்டுபவர் யார்? கடன் தவணை கழுத்தை நெரிக்கும் இளைஞன் எவ்வாறு மறுப்பான்? நம் பொறுப்பிலுள்ள பணியாளர்மீது சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமத்தலாகாது என்றும், சுமத்தினால் அவர்களுக்கு உதவ வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டுள்ளார்கள். இரண்டாம் நடைக்குரிய வாடகையை மனமுவந்து கொடுப்பதே இங்கே அவ்வுதவியாகும். அதில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், ஓர் உயிருக்கு ஈடாகுமா?

தாய்மார்களே! பிள்ளை வண்டியெடுக்கும்போது வாகன துஆவை நினைவூட்டுவதோடு, ‘எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறாய்?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் அந்த துஆ, இவ்வாகனத்தை நாமாக வசப்படுத்தவில்லை, இறைவனே வசப்படுத்தித் தந்தான் என்று ஒப்புக்கொள்வதாகும். அவ்வாறு ஓதிவிட்டு அதன் அளவை மீறுவது எவ்வகையில் தகும்?

நம் வீடுகளிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரையும் நலமுடன் திரும்பச் செய்து, நம் வருவாயில் வல்ல அல்லாஹ் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.