குளிர் கழுவாது

"ஃபிரிட்ஜில்தானே இருக்கிறது, கெடாது" என்ற நம்பிக்கை நம் உணவகச் சமையலறைகளில் வேரூன்றிவிட்டது. தோசைக்கல்லையும் அண்டாவையும் நாள்தோறும் தேய்க்கும் கைகள் ஃபிரிட்ஜின் உட்புறத்தை மாதக்கணக்கில் தொடுவதில்லை. சுத்தத்தைக் குளிரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்தான பிழை. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, அதன் வேகத்தைத்தான் குறைக்கிறது. இதற்குச் சான்று இட்லி மாவு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாளில் அது புளிக்கிறது. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் பிழைத்திருக்கும் இடத்தில் மற்றவை மட்டும் எப்படி மடியும்? பென்சிலியம், கிளாடோஸ்போரியம் ஆகிய பூஞ்சை இனங்களில் பல 4 டிகிரியிலும் வளரும். லிஸ்டீரியா பாக்டீரியா 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் பெருகும், உறையவைத்தாலும் தப்பிக்கும். 2015இல் அமெரிக்காவில் ஐஸ்கிரீம் வழியே அது தொற்றியதாக 10 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 3 பேர் இறந்தார்கள்.

உணவக ஃபிரிட்ஜின் நிலை வீட்டு ஃபிரிட்ஜைவிட மோசம். பரபரப்பான வேளையில் கதவு ஓயாமல் திறக்கிறது. அடுப்படியின் சூடான, ஈரமான காற்று உள்ளே புகுந்து நீராகப் படிகிறது. அந்த ஈரமும் சிந்திய குழம்பும் கதவு ரப்பரின் மடிப்புகளில் தங்குவதால் கரும்பூஞ்சை முதலில் அங்கேதான் தலைகாட்டுகிறது. ரப்பர் நைந்தால் கதவு இறுக மூடாது. ஈரம் இன்னும் கூடும். தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் அடியில் குட்டையாகத் தேங்கும்.

"பூஞ்சை சுவரில்தானே இருக்கிறது, சாப்பாடு மூடித்தானே வைத்திருக்கிறோம்" என்பார்கள். உள்ளே சுழலும் விசிறி பூஞ்சை வித்துகளைத் தட்டுக்குத் தட்டு பரப்பும்; நறுக்கிய காய்க்கும் அரைத்த சட்னிக்கும் மூடி எப்போதும் மூடியே இருப்பதில்லை. "பிளீச்சிங் தெளித்தால் போதாதா" என்று கேட்பார்கள். அழுக்கின் மேல் தெளித்த குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே வலுவிழந்துவிடும். முதலில் சோப்புநீரால் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகே கிருமிநாசினி, கடைசியில் உலரத் துடைப்பது. நாற்றம் போக எலுமிச்சை மூடியை வைப்பது நோயின் அறிகுறியை மறைப்பதே.

நேரமில்லை என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. வேலையாட்கள் குறைவு, பளு அதிகம். ஆனால் சிந்தியதை அப்போதே துடைப்பதற்கும், கடை மூடும்போது ரப்பரைத் துடைப்பதற்கும் சில நிமிடங்கள் போதும். வாரம் ஒருமுறை, சரக்கு குறைந்த நாளில், மின்சாரத்தை நிறுத்தித் தட்டுகளைக் கழற்றிக் கழுவலாம். இதை வேலையாளின் நல்ல மனசுக்கு விடாமல், சம்பள நேரத்துக்குள் அடங்கும் வேலையாக முதலாளி ஒதுக்க வேண்டும். அண்டாவைக் கழுவாமல் அடுப்பில் ஏற்ற நாம் சம்மதிப்பதில்லை. கழுவாத ஃபிரிட்ஜில் மறுநாள் சாப்பாட்டை வைக்கவும் சம்மதிக்கக் கூடாது.