சீட்டுக் குலுக்கலுக்கு முன்பே தீர்மானமாகும் ஆட்டம்: விலகல் முறைக் கிண்ணமும் மலையக உதைபந்தாட்டமும்

தேசிய மட்ட உதைபந்தாட்டத்தில் சிறிய கழகங்களுக்கும் பின்தங்கிய பிரதேசங்களுக்கும் கிடைக்கக்கூடிய மிக நேர்மையான வாய்ப்பு விலகல் முறைக் கிண்ணமே என்னும் கருத்து, இலங்கையின் விளையாட்டு வட்டாரங்களில் ஏறத்தாழக் கேள்விக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. லீக் முறையில் ஒவ்வொரு அணியும் ஏனைய அணிகள் எல்லாவற்றோடும் மோதிப் புள்ளிகளைத் திரட்டுகிறது. விலகல் முறையிலோ ஒரு தோல்வியுடன் அணி வெளியேறிவிட, வென்ற அணி மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகிறது. 1871இல் இங்கிலாந்தில் தொடங்கிய எப்.ஏ. கிண்ணம் இம்முறையின் மூத்த வடிவம், இலங்கையின் எப்.ஏ. கிண்ணம் பெயரையும் அமைப்பையும் அதிலிருந்தே பெற்றது. சாண்டர்ஸ், ரினோன் போன்ற கொழும்புக் கழகங்களும் இராணுவம் முதலான படையணிகளும் அதன் வெற்றிப் பட்டியலில் பெரும் இடத்தைப் பிடித்திருக்க, நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் கழகங்களுக்கு அங்கே பெயர் இல்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தும் அவை உள்ளே வரவில்லையென்றால் மலையகத்தில் திறமை போதவில்லை என்றுதானே பொருள் என்று வாதம் முடிகிறது. இவ்வாதம் ஐந்து கூற்றுகளின் மேல் நிற்கிறது. ஐந்தையும் தனித்தனியே சோதித்தால், கிண்ணத்தின் முடிவுகளைத் திறமைக்குச் சான்றாகக் காட்டுவது எவ்வளவு பலவீனமானது என்பது புலப்படும்.

தொண்ணூறு நிமிடத்தில் எந்த அணியும் எந்த அணியையும் வெல்லக்கூடும், ஆகவே விலகல் முறை எளியவருக்குச் சாதகமானது என்பது முதற்கூற்று. ஒரு தனிப் போட்டியைப் பொறுத்தவரை இது உண்மையே. சிவப்பு அட்டை, நனைந்த புற்றரை, தவறிய தண்டனை உதை என எதுவும் முடிவை மாற்றிவிடலாம். ஆனால் கிண்ணம் ஒரு போட்டியோடு முடிவதில்லை. 64 அணிகள் ஆடும் ஒரு கட்டத்தில் வெற்றிவாகை சூட ஆறு போட்டிகளைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தன்னைவிட வலிய அணியைச் சந்தித்து மூன்றில் ஒரு பங்கு வாய்ப்போடு ஆடும் அணிக்கு, ஆறையும் வெல்லும் வாய்ப்பு 729இல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கிண்ணத்தின் இறுதிப் போட்டிவரை முன்னேறி நாந்த் அணியிடம் தோற்ற கலே நகரின் அமெச்சூர் கழகத்தை உலகம் இன்றும் பேசுவதே, அப்படியான நிகழ்வு எத்தனை அரிது என்பதைக் காட்டும். அதைவிட முக்கியமானது, தோற்றவருக்கு இம்முறை விட்டுவைப்பது என்ன என்பது. 64 அணிகளுக்கு மொத்தம் 63 போட்டிகள். அவற்றுள் 32 அணிகள் ஒரே போட்டியோடும் 16 அணிகள் இரண்டு போட்டிகளோடும் வீடு திரும்புகின்றன. ஆட ஆடத்தான் அணி தேறும் என்றால், அதிகம் ஆட வேண்டிய அணிக்கே மிகக் குறைந்த ஆட்டத்தைக் கொடுக்கும் முறையை எளியவருக்குச் சாதகமானது என்று அழைக்க முடியாது.

இரண்டாவது கூற்று, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது. பதிவு செய்ய எவரையும் சட்டம் தடுக்கவில்லை என்ற அளவில் இதை ஒப்புக்கொள்ளலாம். எனினும் கழகம் என்பது பதினொரு இளைஞர் கூடிய கூட்டம் மட்டுமன்று. பதிவும் நிர்வாகிகளும் கணக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி பெற ஒரு மைதானமும் அதற்கு வேண்டும். பெருந்தோட்டங்களில் நிலம் 1972இலும் 1975இலும் நடந்த நிலச் சீர்திருத்தங்களால் அரசின் கைக்கு வந்து, 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும், அங்கே தலைமுறைகளாக வாழ்பவருக்கு லயத்து அறைக்கே உரித்து இல்லாத நிலை பரவலாகத் தொடர்ந்தது. லயம் என்பது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீட்டுத் தொகுதி. அதன் முற்றமே பிறருக்குரியதாக இருக்கும்போது மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்ட மைதானம் கம்பனியின் நிலம். அங்கே சுற்றுப்போட்டி நடத்த வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்தின், அதாவது துரையின், சம்மதம் தேவை.

அந்த மைதானத்தின் இயல்பையும் அருகிருந்து நோக்க வேண்டும். சர்வதேசப் போட்டிக்கான மைதானம் குறைந்தது 100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய தோட்ட மைதானம் பலவேளைகளில் இந்த அகலத்துக்கு எட்டுவதில்லை. ஒரு பக்கக் கோடு மண்மேட்டில் முட்டும், மறுபக்கக் கோட்டுக்கு அப்பால் மழைநீர் ஓடும் கான், கானைத் தாண்டினால் கீழ்மலைத் தேயிலை. உயர்த்தி அடித்த பந்து கொழுந்துச் செடிகளுக்குள் போய்விட்டால் அதை எடுத்துவரும்வரை ஆட்டம் நிற்கும் என்பதால், பந்தைத் தரையோடு வைத்துக் குறுகிய இடத்தில் கைமாற்றும் திறனே அங்கே வளர்கிறது. ஓரத்தில் நீண்டு ஓடி, மைதானத்தின் மறுகோடிக்குப் பந்தை மாற்றும் ஆட்டம் வளர வழியில்லை. மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை இறங்கும் மேற்குச் சரிவில் நிலைமை இன்னும் கடினம். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளை நாட்டின் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. இந்தப் பின்னணியிலிருந்து வரும் அணி முழு அளவு மைதானத்தில் இரண்டாம் பாதியில் திணறினால், பார்வையாளர் அதைத் திறமைக் குறைவு என்று குறித்துக்கொள்கிறார்.

மலைநாட்டில் சமநிலம் அரிது, அதற்கு எவரையும் குறைசொல்ல முடியாது என்ற மறுமொழி இங்கே எழலாம். ஆனால் அதே மலைகளில் ரதல்லையிலும் தரவளையிலும் தோட்டத் துரைமாரின் கழகங்களுக்கு முழு அளவிலான கிரிக்கெட், றக்பி மைதானங்கள் காலனித்துவ காலத்திலேயே அமைந்தன. நுவரெலியா நகரில் குதிரைப் பந்தயத் திடலும் கோல்ப் மைதானமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவாயின. மலையை வெட்டவும் நிரவவும் உழைத்தவர் தொழிலாளரே. யாருடைய விளையாட்டுக்காக நிலம் சமப்படுத்தப்பட்டது என்பதை மண்ணின் இயல்பு தீர்மானிக்கவில்லை. தோட்டத்தின் அதிகாரப் படிநிலையே தீர்மானித்தது. பிற்காலத்தில் ஹட்டனில் டன்பார் மைதானமும் நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரிலான மைதானமும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது முன்னேற்றமே. எனினும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளின் தோட்டங்களுக்கு ஓரிரு மைதானங்கள் போதுமானவை ஆகா.

போட்டிகள் பெரும்பாலும் விடுமுறை நாட்களில் நடப்பதால் வருமானத்துக்கோ வேலைக்கோ இடையூறு இல்லை என்பது மூன்றாவது கூற்று. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான கணக்கைப் பேர் என்பர். காலைப் பிரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் அணிவகுப்பில், நேரத்துக்கு நிற்காதவருக்கு அன்றைய பேர் விழாது. நிர்ணயித்த அளவை எட்டாதவருக்கு அரைப்பேர்தான். நாளொன்றுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரூபாயை எட்டியதே 2021இல்தான், அதுவும் நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர். நுவரெலியாவுக்கான புகையிரத நிலையமான நானுஓயாவிலிருந்து கொழும்பு செல்ல ஏறத்தாழ முழுப் பகற்பொழுது போய்விடுகிறது. ஞாயிறு பிற்பகல் கொழும்பிலோ களுத்துறையிலோ ஆட வேண்டிய அணி சனிக்கிழமையே புறப்பட வேண்டும். ஆட்டம் முடிந்து வாடகை வானில் இரவோடிரவாக மலையேறி வந்தாலும், திங்கட்கிழமைப் பிரட்டுக்குத் தூக்கமின்றி நிற்க வேண்டும். அந்த அணியை எதிர்த்து ஆடும் இராணுவ, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளின் வீரர்களுக்கோ பயிற்சியும் ஆட்டமும் மாதச் சம்பளத்தோடு கூடிய கடமையின் பகுதி. இதற்கு மேலாக, தோட்ட இளைஞர் பலர் கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலைக்குப் போய்விடுவதால், தீபாவளிக்கும் சித்திரைக்கும் ஊர் திரும்பும்போது மட்டுமே ஒன்றுசேரும் அணியாகப் பல கழகங்கள் இருக்கின்றன. விடுமுறை நாள் என்ற சொல்லால் இந்த வேறுபாட்டை மூட முடியாது.

நான்காவது கூற்று ஒப்பீட்டு வடிவில் வருகிறது: போரையும் இடம்பெயர்வையும் கடந்து யாழ்ப்பாணமும் மன்னாரும் தேசிய மட்ட வீரர்களை உருவாக்கியிருக்க, மலையகம் மட்டும் வறுமையைக் காரணம் காட்டலாமா? ஐந்து கூற்றுகளிலும் கவனமான விடை வேண்டுவது இதுவே. வடக்கின் இழப்புகள் மலையகத்தினவற்றைவிடக் கொடியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும்மீன் போன்ற கழகங்கள் கடலோர ஊர்களின், குறிப்பாகக் கத்தோலிக்கப் பங்குகளின், கூட்டு வாழ்விலிருந்து முளைத்தவை; ஊருக்கென்று நிலமும் கோயிலும், பின்னாளில் புலம்பெயர்ந்த உறவினரின் பண உதவியும் அவற்றுக்கு இருந்தன. போர் அவற்றைச் சிதைத்தபோதும் மீள ஒன்றுகூட ஓர் ஊர் இருந்தது. தோட்டமோ சட்டத்தின் பார்வையில் நெடுங்காலம் ஊராக அன்றி வேலைத்தலமாகவே இருந்தது.

குடியுரிமை வரலாறு இவ்வேறுபாட்டை மேலும் ஆழமாக்குகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் நிலைக்கு முழுமையான சட்டத் தீர்வு 2003இல்தான் வந்தது. ஒரு நாட்டின் குடியுரிமை இல்லாதவர் அந்நாட்டின் தேசிய அணியில் ஆட முடியாது என்பது சர்வதேச உதைபந்தாட்ட விதி; குடியுரிமை இல்லாதவருக்குப் படைகளிலும் பொலிஸிலும் வேலை கிடைப்பதும் அரிது. ஆக, கிண்ணப் போட்டியில் சோபித்த இளைஞருக்குக் காத்திருந்த இரண்டு பரிசுகளும், அதாவது தேசிய அணியும் படையணி வேலையும், தோட்டத்து இளைஞருள் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம் சட்டப்படியே மூடப்பட்டிருந்தன. ஒரு விளையாட்டில் முன்னேறிய மூத்தவர் இல்லாத இடத்தில், அவ்விளையாட்டை நம்பி நேரத்தைச் செலவிடும்படி பெற்றோர் பிள்ளைகளை ஊக்குவிப்பதில்லை; வடக்கில் இந்தச் சங்கிலி போரால் அறுந்தது, மலையகத்தில் அது கோக்கப்படவே இல்லை.

இதே கூற்றின் இன்னொரு வடிவம், மலையும் குளிரும் உதைபந்தாட்டத்துக்கு உகந்தவை அல்ல என்பது. தென்னாசியாவின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கிண்ணமான டியூராண்ட் கிண்ணம் 1888இல் தொடங்கியதே சிம்லா என்னும் மலை நகரில். இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன் பட்டத்தை 2016–17 பருவத்தில் வென்றது மிசோரம் மலைநகரான ஐசோலின் கழகம். அதற்கு முந்திய பருவத்தில் கீழிறக்கப்பட்ட அக்கழகம், சில கோவா கழகங்கள் விலகியதால் மீளச் சேர்க்கப்பட்டு, மறுபருவத்திலேயே முதலிடம் பெற்றது. 2012இல் தொடங்கிய மிசோரம் பிரீமியர் லீக்தான், ஆண்டுதோறும் உறுதியான எண்ணிக்கையில் போட்டிகளைக் கொடுத்து, அவ்வெற்றிக்குத் தளமிட்டது. ஒழுங்கான உள்ளூர் லீக்கும், தோற்ற பின்னும் கிடைத்த மறுவாய்ப்பும் சேர்ந்தபோது மலைநகரக் கழகம் நாட்டின் உச்சியைத் தொட்டது.

ஐந்தாவது கூற்று, பின்தங்கிய பிரதேசங்களுக்குத் தனி ஏற்பாடு செய்தால் போட்டியின் தரம் தாழும் என்பது. அவுஸ்திரேலியாவின் அனுபவம் இதற்கு எதிரான சாட்சி. அங்கே 2014இல் எப்.எப்.ஏ. கிண்ணம் என்ற பெயரில் தொடங்கி 2022 முதல் அவுஸ்திரேலியக் கிண்ணம் என வழங்கும் தேசிய விலகல் முறைப் போட்டி, அறுநூறுக்கும் மேற்பட்ட கழகங்களை உள்ளடக்கியது. அதன் வடிவமைப்பாளர் சீட்டுக் குலுக்கலை மட்டும் நம்பவில்லை. 32 அணிகள் ஆடும் சுற்றில் தஸ்மேனியா, வட ஆள்புலம் போன்ற சிறிய, தொலைதூரப் பிராந்தியங்களுக்கும் இடம் ஒதுக்கினர். அச்சுற்றில் தொழில்முறைக் கழகத்தைச் சந்திக்கும் உள்ளூர்க் கழகமே தன் சொந்த மைதானத்தில் போட்டியை நடத்த வழிசெய்தனர். அரையிறுதியில் உள்ளூர்க் கழகம் ஒன்றாவது இடம்பெறும்படி குலுக்கலை அமைத்தனர். விளைவாகக் கிண்ணத்தின் மதிப்பு சரியவில்லை. குரோவேசியக் குடியேறிகள் நிறுவிய சிட்னி யுனைட்டட் 58 கழகம் 2022இல் இறுதிப் போட்டிவரை சென்று மக்காதர் அணியிடம் 0–2 எனத் தோற்றது. கிரேக்கக் குடியேறிகளின் வழிவந்த ஹைடல்பேர்க் யுனைட்டட் 2025இல் இறுதிக்கு வந்தது. இரண்டும் தொழில்முறை லீக்கிற்கு வெளியே இருந்து வந்தவை. குடியேறிய உழைப்பாளரின் சந்ததியினர், வாய்ப்பு முறையாக வகுக்கப்படும்போது, எதுவரை வர முடியும் என்பதை இந்த எடுத்துக்காட்டுகள் மலையகத்துக்கு நேரடியாகவே சொல்கின்றன.

உள்ளூர் மைதான ஏற்பாடு நுவரெலியாவுக்கு மேலும் ஒரு பொருள் தரும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் வாழ்வது மலையகத்தாருக்கு இயற்கை தந்த சாதகம் என்று சிலர் கூறுவதுண்டு. அந்தச் சாதகம் இருப்பின், எதிரணி மலையேறி வந்தால் மட்டுமே அது பயன்படும், மலையகத்தார் எப்போதும் கீழிறங்கிச் சென்று ஆடும்வரை அதற்கு மதிப்பில்லை.

ஆகவே இன்றைய வடிவிலுள்ள கிண்ணம் அளப்பது திறமையை மட்டுமன்று. நிலம், சம்பளத்தோடு கூடிய நேரம், சாலை, குடியுரிமை ஆகியவற்றின் நீண்ட கணக்கையும் சேர்த்தே அளந்து, விடையைத் திறமை என்ற ஒரே தலைப்பின் கீழ் வெளியிடுகிறது. அதைச் சீர்செய்யத் தேவையானவை பெருஞ்செலவுக்குரியவை அல்ல: கிண்ணத்துக்கு முன்னர் நுவரெலியா, ஹட்டன் பகுதிக் கழகங்கள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எட்டுப் பத்துப் போட்டிகளை உறுதிசெய்யும் உள்ளூர் லீக், தேசியச் சுற்றில் அப்பகுதிக்கென ஓரிடம், அந்த முதற்போட்டி மலையகத்திலேயே நடத்தப்படல், கீழே செல்லும் அணிக்குப் பயணச் செலவும், இழந்த பேருக்கு ஈடும். பிந்திய இரண்டையும் உதைபந்தாட்டச் சம்மேளனமும் தோட்டக் கம்பனிகளும் பகிர்ந்துகொள்ளலாம். இவை நடைமுறைக்கு வந்து சில பருவங்கள் கடந்த பின்னரும் தோட்டக் கழகங்கள் தோற்குமானால், அப்போது திறமையைப் பற்றிப் பேச நியாயம் உண்டு. அதுவரை வெற்றிப் பட்டியலைக் காட்டி மலையகத்தை மதிப்பிடுபவர், போட்டிக்கே வந்துசேர முடியாதவரைத் தோற்றவர் கணக்கில் எழுதுகிறார்.