உளுந்து மஞ்சளானா மருந்து அடிச்சும் நிக்காதது ஏன்? டெல்டா விவசாயிகளின் கணக்கு தப்புவது எங்கே?

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நெற்பயிருக்கு நடுவே உளுந்தைத் தெளித்துவிடுவது காவிரி டெல்டாவில் வழக்கம். உழவு கிடையாது, தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதும் பெரும்பாலும் கிடையாது. வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் 65 முதல் 75 நாளில் விளைந்துவிடும். நெல்லில் கையைச் சுட்டுக்கொண்ட சிறு விவசாயிக்கு, கடனைக் கொஞ்சமாவது அடைக்க இந்த உளுந்துதான் நம்பிக்கை.

ஆனால் முளைத்த சில வாரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை மஞ்சளாகத் தொடங்கும். உடனே உரக்கடைக்கு ஓட்டம். "மஞ்சளா இருக்கு, என்ன அடிக்கலாம்?" ஒரு டானிக், ஒரு பூச்சி மருந்து என வாங்கி வந்து தெளிப்பார்கள். பத்து நாளில் மஞ்சள் இன்னும் பரவியிருக்கும்.

மருந்து போலியா? பெரும்பாலும் இல்லை. பிரச்னையே வேறு.

மஞ்சளுக்கு என்ன காரணம்?

நெல்லில் இலை மஞ்சளானால் பல நேரம் சத்துக் குறைபாடுதான். யூரியா போட்டால் பச்சை திரும்பும். இது பல வருட அனுபவம், தப்பும் இல்லை. அதே கணக்கை உளுந்துக்கும் போடுவதில்தான் சிக்கல்.

உளுந்தில் வருவது பெரும்பாலும் மஞ்சள் தேமல் நோய். இதற்குக் காரணம் வைரஸ். அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், அரிசிக் குருணையைவிடச் சின்ன பூச்சி. நோய் தாக்கிய செடியில் உறிஞ்சிவிட்டு அடுத்த செடிக்குப் போகும்போது வைரஸையும் இறக்கிவிடும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். வைரஸ் உள்ளே போனதும் இலை மஞ்சளாவதில்லை. அறிகுறி தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகலாம். அதாவது, இன்று நீங்கள் பார்க்கும் மஞ்சள் முந்தைய வாரங்களில் நடந்த வேலை. நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. பூச்சி மருந்து ஈயைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. செடி சின்னதாக இருக்கும்போதே தாக்கினால் காய் பிடிக்காமலேயே போகலாம்.

அப்போ சத்துக் குறைபாட்டை எப்படிப் பிரிப்பது?

* சத்துக் குறைபாடு என்றால் வயலில் ஒரு பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிறும்.
* தேமல் என்றால் முதலில் சிதறலாக ஒன்றிரண்டு செடிகள். இளம் இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகத் தெரியும், பிறகு முழு இலையும் மஞ்சளாகும்.
* இலையைத் திருப்பிப் பாருங்கள். செடியை லேசாக அசைத்தால் வெள்ளைப் பூச்சி பறக்கிறதா? சந்தேகம் உறுதி.

பூக்கும் நேரத்தில் டிஏபி கரைசல் தெளிக்கச் சொல்வது விளைச்சலுக்காக. அது தேமலுக்கு மருந்து இல்லை.

அடிக்கடி மருந்து அடித்தால்?

வெள்ளை ஈயைத் தின்னும் பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாம் அதே வயலில்தான் இருக்கின்றன. கண்டபடி மருந்து அடித்தால் முதலில் காலியாவது இவைதான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது வெள்ளை ஈ அதைத் தாங்கப் பழகிவிடும். கடைசியில் செலவும் கூடும், ஈயும் கூடும்.

சரி, என்னதான் பண்றது?

1. முதல் முடிவு விதை. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 போன்ற உளுந்து ரகங்கள் மஞ்சள் தேமலை எதிர்த்து நிற்கக்கூடியவை. எல்லா இடத்திலும் எல்லா வருடமும் நூறு சதவீதம் தப்பும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஆபத்து பெரிதும் குறையும்.

2. விதை நேர்த்தி. தெளிக்கும் முன்பே விதைக்கு மருந்து கலந்தால், செடி மிகவும் இளசாக இருக்கும் ஆரம்ப நாட்களில் பாதுகாப்பு கிடைக்கும்.

3. மஞ்சள் ஒட்டுப்பொறி. ஏக்கருக்கு ஐந்து வைத்தால் ஈ எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்று தெரியும்.

4. முதலில் மஞ்சளாகும் ஒன்றிரண்டு செடிகளைத் தயங்காமல் பிடுங்கி அழித்துவிட வேண்டும். வரப்புக் களையையும் விடக்கூடாது.

5. மருந்து அவசியம் என்றால், எது, எவ்வளவு என்று வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டு அடிப்பது நல்லது.

இன்னொன்று. வெள்ளை ஈக்கு வரப்பு தெரியாது. நீங்கள் ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயலிலிருந்து வந்துவிடும். ஊரே சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன்.

அரசு என்ன செய்கிறது?

உலகிலேயே அதிகமாகப் பருப்பு விளைவிப்பதும், சாப்பிடுவதும் இந்தியாதான். அப்படியும் இறக்குமதி நிற்கவில்லை. இதைக் குறைக்க 2025 அக்டோபரில் 11,440 கோடி ரூபாயில் பருப்புத் தற்சார்பு இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியது. 2030-31-க்குள் 350 லட்சம் டன் உற்பத்தி இலக்கு. உளுந்து, துவரை, மசூர் மூன்றுக்கும் முன்னுரிமை. 88 லட்சம் விதைத் தொகுப்புகளை இலவசமாகத் தருவதாகவும் அறிவிப்பு. 2025-26-க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய்.

ஆனால் விலை கிடைக்க முதலில் காய் பிடிக்க வேண்டுமே! அறுவடைக்கு முன்பே தெளிக்கிற பயிர் இது. எதிர்ப்பு ரக விதை தை பிறக்கும் முன்பே டெப்போவுக்கு வந்தாக வேண்டும். தாமதமானால் விவசாயி வீட்டில் இருக்கும் பழைய விதையைத்தான் தெளிப்பார். அதற்குப் பிறகு எத்தனை டேங்க் மருந்து அடித்தாலும், மஞ்சளான இலை பச்சையாகப் போவதில்லை.